உலகத்தை நிமிர்த்த நம் முதுகுதான் கிடைத்ததா?

 

உலகப் பொருளாதாரம் மீண்டு எழுகிறதாம். தூக்கி நிறுத்துவது இந்தியா, சீனா போன்ற வளரும் நாடுகளாம். 2023-ல் உலக வளர்ச்சியில் பாதி இந்த இரண்டு நாடுகளிலிருந்தே வரும் என்று ஐ.எம்.எப். தலைவரே சொன்னார். டெல்லிக்காரர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் பாரம் சுமந்த தோள் யாருடையது? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. சூதாடியது பெரிய வங்கிகள். அடுத்த மாதமே 70,000 கோடி டாலர் ஒதுக்கி அவர்களைக் கைதூக்கி விட்டது அமெரிக்க அரசு. அதே ஆண்டு பட்ஜெட்டில் நமக்கு 60,000 கோடி ரூபாய் கடன் தள்ளுபடி என்றதும், நாடே குடி முழுகிப் போச்சு என்று இங்கே கூப்பாடு போட்டார்கள். அங்கே டாலர், இங்கே ரூபாய் என்பதையும் கவனியுங்கள்.

அந்த 2008-ல் நெல்லுக்கு நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரலில் தாய்லாந்து அரிசி டன் 900 டாலரைத் தாண்டியது. அன்றைக்கு டாலர் சுமார் 40 ரூபாய். அதாவது கிலோ 36 ரூபாய். நமக்கு மத்திய அரசு கொடுத்தது, போனஸ் 100 சேர்த்துக் குவிண்டால் நெல்லுக்கு 745 ரூபாய். 100 கிலோ நெல் அரைத்தால் 67 கிலோ அரிசி. அப்படியானால் கிலோ அரிசிக்கு நம் கைக்கு வந்தது 11 ரூபாய்! அரவைக் கூலி, கப்பல் கூலி, வியாபாரி லாபம் எல்லாம் கழிச்சாலும் மிச்சம் எங்கே போச்சு? சாதா அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். 2011 செப்டம்பரில்தான் எடுத்தார்கள்.

"நாம கொள்முதல் நிலையத்துலதானே போடுறோம், ஏற்றுமதியால நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்றுமதி திறந்திருந்தால் வியாபாரி களத்துக்கே வருவான். கொள்முதல் நிலையத்தில் மூட்டையை அடுக்கிவிட்டு மழைக்கும் ஈரப்பதத்துக்கும் பயந்து நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கதவை மூடினால் அவனும் விலையை அமுக்குவான். நமக்குப் போக்கிடம் இல்லை.

2020-ல் கொரோனா. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக அப்போதைய அரசுக் கணக்கு சொன்னது. அதே கணக்கில் விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. ஊரே அடங்கிக் கிடந்தபோது உழுதவர்கள் நாம். அதற்குக் கிடைத்த பரிசு, ஜூன் 5-ல் மூன்று அவசரச் சட்டங்கள். டெல்லி எல்லையில் ஓராண்டு போராடித்தான் 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற வைத்தோம்.

2022 ஏப்ரலில், அனுமதி கிடைத்தால் உலகத்துக்கே உணவு கொடுப்போம் என்றார் பிரதமர். மே 13-ல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை! 2023 ஜூலை 20-ல் பச்சரிசிக்குத் தடை. ஆகஸ்டில் நம்ம புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. 2024 செப்டம்பர், அக்டோபரில்தான் இரண்டையும் விலக்கினார்கள். அரிசித் தடையை எடுங்கள் என்று ஐ.எம்.எப். கூடச் சொன்னது. நம்ம மேல பாசமா? வாங்குகிற நாடுகளில் விலை ஏறிவிடுமே என்ற கவலைதான்.

ஏழை வயிறு காயக்கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரேஷன் அரிசி நாம் விளைவித்ததுதான். ஆனால் அதற்கான செலவைக் கஜானா ஏற்க வேண்டும். விவசாயி தலையில் கட்டுவது என்ன நியாயம்?

பிரேசிலும் வளரும் நாடுதான். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிக்குக் கொடுத்த மானியத்தை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா சமரசம் செய்தது. பணம் பிரேசில் பருத்தி விவசாயிகளின் அமைப்புக்குப் போனது. நம் அரசு என்ன செய்தது? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட அதே மாதம், பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்துவிட்டது! ஆலைகளுக்கு நெருக்கடி என்பது உண்மைதான். திருப்பூர் தொழிலாளியும் நம் வீட்டுப் பிள்ளைதான். அதற்காகப் பஞ்சு விளைவிப்பவன் ஏன் கழுத்தைக் கொடுக்க வேண்டும்? செப்டம்பர் வரை என்று சொன்ன சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள்.

விலை ஏறினால் ஏற்றுமதிக்குப் பூட்டு. விலை சரிந்தால் இறக்குமதிக்குத் திறப்பு. இரண்டு சாவியும் அவர்கள் மடியில்.

எம்.எஸ்.சுவாமிநாதன் குழு சொன்னபடி, நிலக் குத்தகை, முதலீட்டு வட்டி உட்பட மொத்தச் செலவோடு பாதி சேர்த்துக் கொடுத்திருந்தால் 2023-24-ல் குவிண்டால் நெல்லுக்கு 2,866 ரூபாய் வந்திருக்கும். அறிவித்தது 2,183. குவிண்டாலுக்கு 683 ரூபாய் பறிபோனது.

ஆதரவு விலையைச் சட்டமாக்கு! ஏற்றுமதியைத் தடுத்தால் நட்டத்தை அரசே ஈடுகட்டு! அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியைக் குறைக்காதே!

இந்தக் கோரிக்கைகளோடு வட்டாட்சியர் அலுவலகம் முன் ஆர்ப்பாட்டம். குடும்பத்தோடு வாருங்கள். கடைசியாக நெல் போட்ட ரசீது இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், மனுவோடு இணைக்க வேண்டும்.