ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிபையர் தேவையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் மானிட்டர், பிரிண்டர், யு.பி.எஸ். என ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் விசாரித்து வாங்குகிறார்கள். கடைசியில் மீதி இருக்கும் பணத்தில் வாங்குவது ஹெட்போன். அண்மைக் காலமாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "ஹெட்போனுக்கு ஆம்ப்ளிபையர் தனியாக வாங்க வேண்டுமாமே, உண்மையா?" நான் சாப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் உறவினர், நண்பர் என்று பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கடையில் சொன்னார்கள், வீடியோவில் பார்த்தேன் என்று ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு கேட்க, சினிமா பார்க்க, ஆன்லைன் வகுப்பில் உட்காரக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தனி ஆம்ப்ளிபையர் தேவையில்லை. வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்குபவர்களுக்கோ அதனால் ஒரு பயனும் கிடையாது. அந்தப் பணத்தையும் ஹெட்போனிலேயே போடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போமா?

உள்ளேயே ஒன்று இருக்கிறது

கம்ப்யூட்டரில் பாட்டு என்பது வெறும் எண்கள்தான். அந்த எண்களை மின் அலையாக மாற்ற ஒரு சிப் வேண்டும். அந்த அலைக்கு, ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய தகட்டை அசைக்கும் அளவுக்குப் பலம் கொடுக்க ஓர் ஆம்ப்ளிபையர் வேண்டும். இந்த இரண்டும் உங்கள் மதர்போர்டிலேயே இருக்கின்றன. லேப்டாப்பிலும் இருக்கின்றன. ஹெட்போன் துளை இல்லாத மொபைல் போன்களுக்கென்று விரல் நீள யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதில் சிப் உள்ள வகை என்றால், அந்தச் சின்ன முனைக்குள்ளும் இரண்டும் அடக்கம்.

ஆக, ஆம்ப்ளிபையர் இல்லாமல் யாருமே ஹெட்போனில் பாட்டுக் கேட்பதில்லை. இருக்கும் ஆம்ப்ளிபையர் நாம் வாங்கும் ஹெட்போனுக்குப் போதுமா என்பதுதான் சரியான கேள்வி.

பெட்டியில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

இதற்குப் பதில் ஹெட்போன் பெட்டியிலோ, தயாரிப்பாளரின் இணைய தளத்திலோ இருக்கிறது. ஒன்று இம்பீடன்ஸ். இது ஓம் கணக்கில் தரப்படும். மின்சாரத்தை ஹெட்போன் எவ்வளவு தடுக்கிறது என்பதை இது காட்டுகிறது. அடுத்தது சென்சிடிவிட்டி. ஒரு மில்லிவாட் மின்சாரம் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதை இது காட்டுகிறது. ஓம் கூடினால் அதிக வோல்ட் வேண்டும். சென்சிடிவிட்டி குறைந்தால் அதிக வாட் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் ஏ.டி.எச்.-எம்50எக்ஸ் என்ற ஹெட்போன் 38 ஓம், 99 டெசிபல் கொண்டது. நாம் சாதாரணமாக 80 டெசிபல் அளவில் பாட்டுக் கேட்க இதற்கு ஒரு மில்லிவாட்கூடத் தேவையில்லை. அதில் சுமார் 80-ல் ஒரு பங்கு போதும்! பாட்டின் நடுவே டிரம் அடி விழும்போது ஒரு நொடி 110 டெசிபல் வரை எகிற வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், 13 மில்லிவாட், அதாவது 0.7 வோல்ட் போதும். சாதாரண லேப்டாப், டெஸ்க்டாப்களின் ஹெட்போன் துளையில் சுமார் 1 வோல்ட் கிடைக்கிறது. கணக்கு முடிந்தது.

இனி மறுபக்கம். 1997-ல் வந்து, இசை ரசிகர்கள் இன்றும் விரும்பும் சென்ஹைசர் எச்.டி.600 என்ற ஹெட்போன் 300 ஓம், 97 டெசிபல் கொண்டது. அதே 110 டெசிபலுக்கு இது கிட்டத்தட்ட 2.5 வோல்ட் கேட்கும். ஹைபைமேன் எச்.இ.-6 என்று ஒன்று வந்தது. 50 ஓம்தான், ஆனால் சென்சிடிவிட்டி 83.5 டெசிபல். இதற்கு 450 மில்லிவாட் வரை தேவை. மேலே பார்த்த 13 மில்லிவாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வகை ஹெட்போன் வாங்குபவர்களுக்கு ஆம்ப்ளிபையர் அவசியம்தான். அது ஒரு பொழுதுபோக்கு, தப்பில்லை. ஆனால் அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை, முதல் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

எனவே எளிய விதி இது. 16 முதல் 50 ஓமுக்குள், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபலுக்குக் குறையாமல் இருந்தால், ஆம்ப்ளிபையரை மறந்துவிடலாம். ஒரே ஹெட்போன் பல ஓம் அளவுகளில் வருவதும் உண்டு. பேயர்டைனமிக் டி.டி.770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகைகளில் விற்கப்பட்டு வந்திருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் தரமும் பெரிது என்று நினைத்து 250 ஓம் வாங்கினால், சத்தம் போதவில்லை என்று ஆம்ப்ளிபையரைத் தேட வேண்டியதுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 32 ஓம் வகையே சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில நிறுவனங்கள் சென்சிடிவிட்டியை ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்லாமல் ஒரு வோல்ட்டுக்குச் சொல்கின்றன. 32 ஓம் ஹெட்போனில் இப்படிச் சொன்னால் அதே பொருளுக்கு எண் 15 டெசிபல் கூடுதலாகத் தெரியும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய்ஸ் கேன்சலிங்கில் என்ன நடக்கிறது?

ஓர் ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பால் லூயக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1978-ல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் திரும்பிய அமர் போஸ், எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் போகவே, ஹெட்போனில் இதைச் செய்ய முடியுமா என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட்டார். அவரது நிறுவனம் 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டையும், 2000-ல் பொதுமக்களுக்கான கொயட்கம்பர்ட் ஹெட்போனையும் வெளியிட்டது.

இந்த ஹெட்போனில் சிறு மைக்குகள் இருக்கும். அவை வெளி இரைச்சலைக் கேட்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் எதிர் அலையைத் தயாரித்து, பாட்டோடு கலந்து, தன் சொந்த ஆம்ப்ளிபையர் மூலம் ஸ்பீக்கருக்கு அனுப்பும். பேட்டரி வைத்திருப்பது இதற்குத்தான். அதாவது, ஸ்பீக்கரை இயக்கும் வேலை முழுவதும் ஹெட்போனுக்குள்ளேயே நடக்கிறது. நீங்கள் வெளியில் மாட்டும் ஆம்ப்ளிபையரால் அந்த ஸ்பீக்கரைத் தொடவே முடியாது.

2020-ல் வந்த சோனி டபிள்யூ.எச்.-1000எக்ஸ்.எம்.4 ஹெட்போனின் விவரக் குறிப்பைப் பாருங்கள். கேபிள் மாட்டி ஹெட்போனை ஆன் செய்தால் 40 ஓம், 105 டெசிபல். ஆப் செய்தால் 16 ஓம், 101 டெசிபல். ஒரே பொருளுக்கு எப்படி இரண்டு கணக்கு? ஆப் செய்திருக்கும்போது கேபிள் ஸ்பீக்கரோடு பேசுகிறது. ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டோடு பேசுகிறது.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதை மாடித் தொட்டிதான் முடிவு செய்கிறது. கீழே இன்னும் பெரிய மோட்டார் போட்டால் தொட்டி சீக்கிரம் நிறையும், பிறகு வழியும். குழாயில் வேகம் கூடாது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனுக்கு ஆம்ப்ளிபையர் மாட்டுவதும் இதேதான். அளவுக்கு மீறி சிக்னல் போனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் திணறி, ஒலி உடைந்து கேட்கும். புளூடூத்தில் கேட்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே காற்றில் போவது எண்கள். நடுவில் ஆம்ப்ளிபையர் மாட்ட இடமே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இப்படி ஒரு ஹெட்போனோடு, கடைக்காரர் சொன்னார் என்று மூவாயிரம் ரூபாய்க்கு ஆம்ப்ளிபையரும் வாங்கி வந்தார். "தம்பி, இதை மாட்டியும் சத்தம் பெரிசா கூடலை. உஸ்ஸுன்னு ஓர் இரைச்சல்தான் கூடியிருக்கு" என்றார். மேலே சொன்னதை விளக்கினேன். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் பையனுக்கு நல்ல மைக் வைத்த ஒயர் ஹெட்செட் ஒன்று வாங்கியிருக்கலாம்.

சத்தம் கூட்டுவது தீர்வல்ல

இதில் பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது நம் காது.

ஆம்ப்ளிபையர் கேட்டு வருபவர்களிடம் பேசிப் பார்த்தால், பலருக்கும் உண்மையான பிரச்னை ஹெட்போனின் பலக்குறைவு அல்ல. தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் ஏ.சி., வெளியே போக்குவரத்து. இந்த இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலைப்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஹார்ட் டிஸ்க் போனால் வேறு வாங்கலாம். இதற்கு மாற்று இல்லை.

எனவே நாம் செய்ய வேண்டியது பாட்டை மேலே ஏற்றுவதல்ல, இரைச்சலைக் கீழே இறக்குவது. மின்விசிறி, ஏ.சி., பஸ் எஞ்சின் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியை நாய்ஸ் கேன்சலிங் நன்றாக அடக்கும். ஆபீசில் ஏ.சி. இரைச்சலுக்கு நடுவே நாள் முழுவதும் ஹெட்போனோடு உட்காரும் எனக்கு, அதை ஆன் செய்ததும் வால்யூமைப் பாதியாகக் குறைக்க முடிகிறது. குழந்தை அழுகை, ஹாரன், பேச்சு, மிக்சி ஆகியவற்றை அது முழுவதும் மறைக்காது. பட்ஜெட் குறைவு என்றால், காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் சிலிக்கான் முனை வைத்த சாதாரண ஒயர் இயர்போன் வாங்குங்கள். பேட்டரி இல்லாமலேயே அது கணிசமான இரைச்சலைத் தடுக்கும். இரண்டில் எதையும் மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டாம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. சத்தம் குறைவாக இருந்தால் முதலில் விண்டோஸ் வால்யூம் மிக்சரைத் திறந்து பாருங்கள். மொத்த வால்யூம் ஒன்று, ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம் ஒன்று இருக்கும். இரண்டில் ஒன்று குறைந்திருக்கலாம்.

2. வி.எல்.சி. பிளேயரில் வால்யூமை 100-க்கு மேல் ஏற்ற முடியும். அது எண்களைப் பெருக்குவதுதான். எல்லையைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். வால்யூம் பூஸ்டர் என்ற பெயரில் வரும் சாப்ட்வேர்களுக்கும் இதே கதைதான்.

3. டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளையில் கிர்ரென்ற ஒலி வந்தால், ஹெட்போனைப் பின்பக்கத் துளையில் மாட்டிப் பாருங்கள். அல்லது சிறிய யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் ஒன்று போதும். ஆம்ப்ளிபையர் வாங்கினால் அந்தக் கிர்ரையும் சேர்த்தே பெரிதாக்கும்.

4. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கும்போது, கடையிலேயே அதை ஆப் செய்து, கேபிள் மாட்டிக் கேளுங்கள். 2009-ல் வந்த போஸ் கொயட்கம்பர்ட் 15 பேட்டரி தீர்ந்தால் ஊமையாகிவிடும். 2014-ல் வந்த கொயட்கம்பர்ட் 25 பேட்டரி இல்லாமலும் பாடும். இந்த வேறுபாடு பல ஹெட்போன்களிலும் உண்டு. சில வருடங்களில் பேட்டரி பலமிழக்கும். அப்போதும் பயன்படக்கூடிய ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

5. கடைக்காரரிடம் ஓம் எவ்வளவு, சென்சிடிவிட்டி எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டியில் எக்ஸ்ட்ரா பாஸ் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, இந்த இரண்டு எண்களையும் எங்குமே சொல்லாத ஹெட்போனை நான் வாங்க மாட்டேன். நீங்களும் வாங்க வேண்டாம்.

ஆம்ப்ளிபையர் விற்பவர்கள் அனைவரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்கு அது தேவைப்படும் பொருள். உங்கள் தேவை அதுவல்ல. கம்ப்யூட்டரோடு வந்த ஆம்ப்ளிபையருக்குப் பொருந்தும் ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றத் தோன்றும் ஒவ்வொரு முறையும், முதலில் அறைக் கதவைச் சாத்திப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.