பல்பு மேல் பழி

லாரித் தொழிலில் இருக்கும் நமக்கு ஹெட்லைட் நினைவு வருவது எஃப்.சி. சமயத்தில். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு. அதற்கு முன்தினம் செட்டில் நிற்கும் இன்னொரு வண்டியின் நல்ல லைட்டைக் கழற்றி மாட்டுகிறோம். சோதனை முடிந்து திரும்பியதும் அது கழற்றிய வண்டிக்கே போய்விடுகிறது. விதி இருப்பதால் பழைய வண்டிகளுக்கும் வருடத்தில் ஒரு நாளாவது இரண்டு கண்ணும் தெரிகிறது. மிச்ச நாளெல்லாம் டிரைவர் பாடு.

டிரைவர் சொல்லாமல் இல்லை. “ரைட் சைடு லைட்டு மங்கலா எரியுதுங்க” என்று போன் போடுகிறார். “பல்பை மாத்திக்கப்பா” என்கிறோம். மாற்றுகிறார். புதுப் பல்பும் அதே மங்கல்தான். இப்போது வருகிற பல்பே சரியில்லை என்று பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

உண்மையில் பல்பு பாவம். 24 வோல்ட் வண்டியில் 75 வாட் பல்பு சுமார் மூன்று ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்ட் பல்புக்குப் போனால் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். லைட்டிலிருந்து கேபின் தகடு, தகட்டிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து பேட்டரி நெகட்டிவ்: இதுதான் எர்த் வரும் வழி. ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் துரு. துரு இல்லாத இடத்தில் பெயிண்ட். எஃப்.சி.க்காக வண்டிக்கு அடிக்கும் பெயிண்டேதான்! எர்த் போல்ட்டைக் கழற்றி, அடித் தகட்டைச் சுரண்டி, திரும்ப இறுக்கிய பட்டறை நம்மில் எத்தனை பேருடையது? பல்புக்கு வர வேண்டிய வோல்ட்டேஜில் பத்தில் ஒரு பங்கு வழியில் தொலைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கும் வண்டிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோமே, அதுவும் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். திரும்ப வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றுகிறது.

எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்பை ஹோல்டரில் வைத்துப் பார்த்து “கரண்ட் வருதுங்க” என்று சொல்லிவிடுவார். டெஸ்ட் லேம்ப் சின்ன பல்பு. அது இழுக்கும் சொற்பக் கரண்டுக்குத் துருப்பிடித்த வழியே தாராளம், அதனால் பளிச்சென்று எரியும். லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வைத்தால் குட்டு உடைந்துவிடும். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த்தைத் தேடிப் போக வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதற்கு யாரும் பில் போடுவதில்லை, ஆகவே யாரும் செய்வதுமில்லை. பில் வராத வேலையைக் கேட்டு வாங்க நமக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக நாம் செய்த வைத்தியங்களைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 75 வாட் இடத்தில் 100 வாட் பல்பு போட்டோம். பழைய வண்டிகள் பலவற்றில் ரிலே கிடையாது. மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்ச் கருகியது, ஹோல்டர் பழுத்து உருகியது. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று காப்பர் இழையை முறுக்கிச் சொருகினோம். அப்புறம் பம்பரில் எல்.இ.டி. பட்டை. நமக்கு வெளிச்சம் வந்தது, எதிரே வருகிறவர் கண் போனது. டேப் ரெக்கார்டருக்கு இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்து, அந்த ஒன்றைச் சாகடித்த கதை தனி.

பாடி கட்ட வெளி மாநிலக்காரர்கள் நாமக்கல்லைத் தேடி வருகிறார்கள் என்ற பெருமை நமக்கு உண்டு. தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் போட மட்டும் மறந்துவிடுகிறோம். தகட்டு விளிம்பு ஒயரை ஓயாமல் அறுக்கிறது.

இதெல்லாம் காசு நஷ்டம். வலது லைட் போன வண்டி அப்படியில்லை. கொல்லிமலையில் மரவள்ளி ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறது அது. கீழிருந்து பைக்கில் ஏறி வருகிறவருக்குத் தெரிவது ஓரமாக வரும் ஒற்றை விளக்கு. அதுவும் பைக்தான் என்று எண்ணி, நடுவில் இடம் இருப்பதாக நம்பி வருகிறார். அந்த இடத்தில் இருப்பது நம் லாரியின் பாதி. அடிபட்ட பின் ஸ்டேஷனில் டிரைவர் மேல் கேஸ் எழுதுகிறார்கள். லைட்டைப் பற்றி அவர் போன் போட்டதை நாம் யாரும் அங்கே சொல்வதில்லை.

டயருக்கு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த நம்பர் டயர் எந்த வீலில், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ரீட்ரேடிங் போனது என்று வரி வரியாக எழுதுகிறோம். டிரைவர் லைட்டைப் பற்றிச் சொன்ன தேதியை எழுத அந்த நோட்டில் ஒரு பத்தி கிடையாது.