எரிந்த பிறகு யாருடைய காணி?

ஆனி பிறந்தால் கல்முனைக் கரையில் கச்சான் வீசத் தொடங்கிவிடும். மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி இறங்கிவரும் காற்று அது. அதே காற்றுத்தான் எங்களிடம் வருமுன் ஊவாச் சரிவுகளில் மானாப்புல்லைக் காயப்போட்டுவிட்டு வருகிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய பக்கங்களில் ஆடி, ஆவணியில் மலை எரிவது நமது அங்கத்தவர்களுக்குப் புதிதல்ல.

மானாப்புல் எரிந்தாலும் வேர் தப்பும்; மழைக்குத் துளிர்க்கும். பைனஸ் நட்ட மலை அப்படியல்ல. உதிர்ந்த ஊசியிலையும் பிசினும் சேர்ந்து தீயைச் சுலபத்தில் அணைய விடாது. புல்லும் மரமும் போன சரிவில் அடுத்த மழைக்கு மண் இறங்கும், பீலித் தண்ணீர் கலங்கும். இந்தத் தீ பெரும்பாலும் தானாகப் பற்றுவதில்லை. வேட்டைக்கும், மாட்டுக்கு இளம்புல் வேண்டியும் மனிதர் வைப்பது. அதில் நம்மவர் ஒருவரும் இல்லை என்று நாம் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் எரியும் மலைக்கு முதலில் ஓடுகிறவர்களும் கொழுந்து மலையில் நிற்பவர்கள்தான், கையில் பச்சைக் கொப்பு மட்டும். சில தோட்டங்களில் அந்த நாளுக்கு அரைப் பேர்கூடப் போடுவதில்லை.

லயத்தில் பிடிக்கும் தீ வேறு. பழைய வயர், விறகடுப்பு, குப்பி விளக்கு என்று காரணம் சிறிதாக இருக்கும். ஆனால் ஒரே முகட்டின் கீழ் பத்து, பன்னிரண்டு காம்பரா. காற்றும் சேர்ந்தால், தீயணைப்பு வண்டி அந்த ரோட்டில் ஏறி வருவதற்குள் கடைசிக் காம்பராவும் முடிந்துவிடும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமலாப நிதிக் கடதாசி, பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாம் சாம்பல். பாய் வரும், அரிசி வரும், படம் பிடிக்க ஆட்களும் வருவார்கள். பிறகு பாடசாலை மண்டபத்தைக் காலி செய்யச் சொல்வார்கள்.

இதை எழுதுபவருக்கு ஊர் கல்முனைக்குடி. 2004 டிசம்பர் 26 காலையில் அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உயிரோடு மிஞ்சியவர்களுக்கு அடுத்த அடி காணியில் விழுந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். தெற்கிலோ அது 100 மீற்றர். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியிருக்கும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் 200 மீற்றர் என்றால் எத்தனை தெருக்கள் என்று கொழும்பில் யாரும் எண்ணவில்லை. சட்டம் பின்னர் தளர்ந்தது. அதற்குள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கின. கட்டி முடித்த வீடுகள், ஆளில்லாமல், பற்றை மண்டிப் பல வருடங்கள் பூட்டிக் கிடந்தன. அந்த வழியால் போகும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஊரில் பலரிடம் காணிக்கு உறுதி இருந்தது. தடை தளர்ந்ததும் தன் அத்திவாரத்தைத் தேடிப்போய்க் கல் வைக்க முடிந்தது. லயத்துத் தொழிலாளிக்கு அதுகூட இல்லை. காணி அரசாங்கத்தினுடையது. குத்தகை, 1992 முதல், கம்பனியினுடையது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர், எரிந்த இடத்தில் ஒரு தூண் நடுவதற்கும் துரையிடம் கேட்க வேண்டும். 7 பேர்ச்சஸ் காணி பற்றிப் பேசாத தேர்தல் மேடை இல்லை.

எனவே சங்கம் கேட்பது இவை. லயம் எரிந்தால் தற்காலிகக் கொட்டிலோடு நிறுத்தாமல், நிரந்தர வீட்டுக்கான காணியையும் திகதியையும் எழுத்தில் தர வேண்டும். அந்தக் காணி உறுதியோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். லயங்களின் மின்வயரைக் கச்சானுக்கு முன் பரிசோதிக்க வேண்டும். தீயணைக்கப் போகும் நாளுக்கு முழுப் பேர்.

இவ்வருடம் மலைத்தீ அணைக்கப் போய்ப் பேர் வெட்டப்பட்டவர்களின் விபரத்தைத் தோட்டத் தலைவர், தலைவிமார் திகதியோடு எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பவும். செக்ரோல் துண்டு கையில் இருந்தால் அதன் பிரதியையும் சேர்க்கவும்.