ஒரே குற்றம், இரு தண்டனை

விளையாட்டு என்பது விதிக்குட்பட்ட போராட்டம். விதி எல்லோருக்கும் பொதுவாயிருக்கும் வரையில்தான் அதில் பெறும் ஜயத்திற்கு மதிப்புண்டு. விதியை மீறியவனுக்குக் கிடைக்கும் தண்டனை ஆளுக்கொன்றாகவும் நாளுக்கொன்றாகவும் மாறுமாயின், பந்தய மைதானத்திற்கும் லாட்டரிக் கடைக்கும் பேதம் ஏது? அமெரிக்காவில் நாஸ்கார் ஸ்தாபனம் நடத்திவரும் ஸ்டாக் கார் பந்தயங்களில் எழுந்துள்ள தண்டனைத் தகராறுகளைக் கவனிப்போருக்கு இக்கேள்வி தோன்றாமலிராது.

2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் நிகழ்ந்த விஷயத்தை முதலில் கவனிப்போம். மோட்டாரின் என்ஜின் மூடியில், காற்று வெளியேறுவதற்கெனத் துவாரமிட்ட தகடுகள் உண்டு. இவற்றைக் குறிப்பிட்ட ஓர் உற்பத்தியாளரிடமே வாங்கி, மாற்றமின்றிப் பொருத்தவேண்டுமென்பது விதி. ஹெண்ட்ரிக் கம்பெனியின் நான்கு வண்டிகளிலும், காலிக் கம்பெனியின் ஒரு வண்டியிலும் இத்தகடுகள் மாற்றப்பட்டிருப்பதாக அதிகாரிகள் கண்டனர். ஐந்து வண்டிகளுக்கும் ஒரே தண்டனை விதிக்கப்பட்டது. தலைமை மெக்கானிக்குகள் நான்கு பந்தயங்களுக்கு விலக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் 1 லக்ஷம் டாலர் அபராதம். வண்டி ஒன்றுக்கு 100 பாயிண்டு குறைப்பு. பருவ முடிவில் உதவும் விசேஷப் பாயிண்டுகளிலும் 10 குறைப்பு. அவ்வருஷத்தில் சாதாரணப் பந்தயமொன்றில் எல்லாக் கட்டங்களிலும் முதலாவதாக வருபவனுக்குங்கூட 60 பாயிண்டுக்குமேல் கிடையாது என்பதை நினைத்தால், 100 பாயிண்டு இழப்பு எத்தகைய அடி என்பது விளங்கும்.

இதுவரையில் குறைகூற இடமில்லை. ஆனால் அப்பீல் வந்தது; அத்துடன் பேதமும் வந்தது. மார்ச்சு இறுதியில் ஹெண்ட்ரிக் கம்பெனியின் அப்பீலை விசாரித்த மூவர் குழு, விதி மீறப்பட்டது உண்மையே என்று ஒப்புக்கொண்டு, அபராதத்தையும் விலக்கலையும் உறுதி செய்தது. பாயிண்டுக் குறைப்பை மட்டும் அடியோடு ரத்து செய்தது. சில தினங்களுக்குப்பின் காலிக் கம்பெனியின் அப்பீல் வந்தது. அங்கோ 100 பாயிண்டு 75 ஆகக் குறைந்ததேயன்றி ஒழியவில்லை. விசேஷப் பாயிண்டுக் குறைப்பும் அப்படியே நின்றது. பந்தயம் ஒன்று, பாகம் ஒன்று, விதி ஒன்று, முதலில் விதித்த தண்டனையும் ஒன்று. முடிவு மட்டும் இரண்டு! ஹெண்ட்ரிக்கோ பல சாம்பியன் பட்டங்களை வென்ற பெரும் ஸ்தாபனம். காலிக்கோ முதல்தரப் பந்தயங்களில் முழுப் பருவமும் ஓடத் தொடங்கி ஓராண்டே ஆன சிறு ஸ்தாபனம். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் என்று ஜனங்கள் பேசினால் அவர்கள்மீது குற்றமில்லை.

அப்பீல் குழுவினர் பக்ஷபாதம் செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. அவர்கள் மனமறிந்து நியாயம் என்று பட்டதையே செய்திருக்கலாம். ஆயினும் நியாயம் செய்தால் மட்டும் போதாது; நியாயம் செய்யப்பட்டதென்று தோற்றவனுக்கும் விளங்கவேண்டும். இவ்விரு தீர்ப்புகளுக்குமிடையே உள்ள பேதம் எவ்வாறு நியாயமாகும் என்பது இன்றளவும் விளங்கவில்லை. விதி மீறல் ருஜுவானபின் தண்டனையின் ஒரு பகுதியை முழுதும் நீக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லையென்று அவ்வருஷமே நாஸ்கார் விதியைத் திருத்தியது. நோயைக் கண்டு மருந்திட்டது நன்றே.

ஆனால் இந்நோய் பழையது. 1949-ம் வருஷம் ஷார்லட் நகரில் நடந்த முதல் பந்தயத்திலேயே, முதலாவதாக வந்த க்ளென் டனவேயின் வண்டியில் பின்பக்க வில்கள் மாற்றப்பட்டிருந்தன என்று ஜயம் பறிக்கப்பட்டு, ஜிம் ரோப்பருக்கு அளிக்கப்பட்டது. வண்டியின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை. 1983-ல் அதே ஷார்லட்டில் ரிச்சர்டு பெட்டி, அளவுக்கு மீறிய என்ஜினுடன் ஓடி வென்றார். அவருக்கு 35,000 டாலர் அபராதமும் 104 பாயிண்டுக் குறைப்பும் கிடைத்தன. ஜயமோ அவரிடமே தங்கிற்று. யார் வென்றாரென்பதை ஜனங்கள் அறிந்து வீடு திரும்பவேண்டுமென்பது அக்காலத்துச் சமாதானம். 2019-ல் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2022-ல் போக்கோனோ பந்தயத்தில் முதலிரு இடங்களில் வந்த டென்னி ஹாம்லின், கைல் புஷ் இருவரும் தள்ளப்பட்டு, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் ஜயம் பெற்றார். கொள்கை மாறுவது தவறன்று. முன்கூட்டி அறிவித்து மாற்றினால் அது சீர்திருத்தம். குற்றம் நடந்தபின் மாற்றினால் அது தயவு அல்லது கோபம்.

ஓட்டுபவரின் நடத்தை விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். எதிரி வண்டியின் வலது பின்மூலையை வேண்டுமென்றே இடித்துச் சுவரில் மோதவிடுவது உயிருக்கே ஆபத்தான செய்கை. இதற்காக 2022-ல் பப்பா வாலஸும், 2023-ல் சேஸ் எலியட்டும் ஒவ்வொரு பந்தயத்திற்கு விலக்கப்பட்டனர். 2025-ல் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டினில் இதே விதமாக இடித்த ஆஸ்டின் ஸிண்ட்ரிக்கிற்கு 50,000 டாலர் அபராதமும் 50 பாயிண்டுக் குறைப்பும் மட்டுமே, விலக்கலில்லை. அங்கே வேகம் குறைவு, பந்தயமும் தடைப்படவில்லை என்றனர் அதிகாரிகள். அது தக்க காரணமாகவே இருக்கலாம். அப்படியானால் எவ்வளவு வேகத்திற்கு எவ்வளவு தண்டனை என்பது விதிப்புத்தகத்தில் முன்னதாகவே ஏறியிருக்கவேண்டாமா?

ஒரு சம்பவத்தைப்போல் மற்றொன்று இராது, ஆகையால் அதிகாரிகளின் விவேகத்திற்கு இடம் வேண்டும் என்று சிலர் வாதிப்பர். உண்மை. ஆனால் விவேகம் காரணம் சொல்ல அஞ்சாது. காரணம் சொல்லாத விவேகம் இஷ்டம் என்றே பெயர்பெறும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் காரணத்தை எழுதிப் பகிரங்கமாக வெளியிடட்டும். ஒரே விதியின்கீழ் எழும் வழக்குகளை ஒரே குழு விசாரிக்கட்டும். முந்திய தீர்ப்பிலிருந்து விலகும்போது, ஏன் விலகினோமென்று கூறட்டும். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவில்லை, மனம் ஒன்றே வேண்டும்.

மோட்டாரின் உயரத்தையும் கனத்தையும் நூலிழை பிசகாமல் அளப்பவர்கள், தண்டனையையும் அளந்தே விதிக்கவேண்டும். பெரியவன் சிறியவன் என்று பாராத துலாக்கோல் ஒன்று மேடையிலிருந்தால், தோற்றவனும் தலைநிமிர்ந்து வீடு செல்வான். அது இல்லாத இடத்தில் வென்றவனின் கோப்பையும் மாசுபட்டதே.