கருணை மனு: கொள்ளேகால் வழக்கு திறந்த கதவை மூடுகிறதா புதிய சட்டம்?

கொள்ளேகால்: தமிழக எல்லையை ஒட்டிய பாலாறு பகுதியில் 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி வீரப்பன் கும்பல் நடத்திய கண்ணிவெடித் தாக்குதலில் காவல், வனத் துறையினர் உள்பட 22 பேர் உயிரிழந்தனர். அப்போது மைசூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்தில் நிகழ்ந்த அந்த வழக்கு, மரண தண்டனைச் சீர்திருத்த விவாதத்தில் இன்றும் முக்கியத்துவம் பெறுகிறது.

மைசூர் தடா நீதிமன்றம் 2001-இல் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 2004 ஜனவரியில் அதை மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனுக்களோ 9 ஆண்டுகள் நிலுவையில் இருந்து, 2013 பிப்ரவரியில்தான் நிராகரிக்கப்பட்டன. நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 ஜனவரி 21-இல், நியாயமற்ற தாமதமும் சித்திரவதையே எனக் கூறி, இந்த நால்வர் உள்பட 15 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. பயங்கரவாத வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்றது.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆவது பிரிவு, கருணை மனு அளிக்கக் கைதிக்கு 30 நாள்களும், மாநில அரசின் கருத்து கிடைத்தபின் பரிந்துரை அளிக்க மத்திய அரசுக்கு 60 நாள்களும் கெடு விதிக்கிறது. குடியரசுத் தலைவருக்குக் கெடு இல்லை. அவரது முடிவு எவ்வாறு எட்டப்பட்டது என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. நால்வரைக் காத்தது நீதிமன்றத்தின் அந்த ஆய்வே. அரசமைப்புச் சட்டத்தின் 21, 32-ஆவது பிரிவுகள் அளிக்கும் உரிமையைச் சாதாரணச் சட்டத்தால் பறிக்க இயலுமா என்பதே இப்போதைய கேள்வி.

ராணுவச் சட்டம் வேறு பாதையில் செல்கிறது. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதிக்க மூன்றில் இரு பங்கு உறுப்பினர்களின் இசைவு போதும். சுருக்கமுறைப் பொது ராணுவ நீதிமன்றத்தில் அனைவரின் இசைவும் தேவை. ராணுவ நீதிமன்றத் தண்டனைக்கும் குடியரசுத் தலைவரிடம் கருணை கோரலாம். ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை.

பயங்கரவாதம், நாட்டுக்கு எதிரான போர் தவிர்த்த குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என 2015-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அதை ஏற்றாலும் பாலாறு போன்ற வழக்குகள் விலக்கில் அடங்கும். எனவே, கருணை மனு நடைமுறையைச் செம்மைப்படுத்துவது தவிர்க்க முடியாதது. இறுதி முடிவுக்கும் கெடு விதித்து, நீதிமன்ற ஆய்வையும் காப்பதே, கைதிகளுக்கும் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் நியாயமாகும்.