எட்டுப் பேர் தங்கினா அது வீடா, ஹாஸ்டலா?

நாகமலை புதுக்கோட்டையில ரூம் தேடி அலைஞ்சவங்களுக்கு முதல் கேள்வி என்னன்னு தெரியும். "ஃபேமிலியா, பேச்சுலரா?" பேச்சுலர்னு சொன்னா பாதிக் கதவு அங்கேயே சாத்திடும். மீதிப் பாதி திறக்கும், ஆனால் வேற கணக்கில் திறக்கும். குடும்பத்துக்கு விட்டால் எட்டாயிரம் வரும் வீட்டை, தலைக்கு இரண்டாயிரம்னு எட்டுப் பேருக்கு விட்டால் பதினாறாயிரம். இது சும்மா ஒரு உதாரணம்தான், உங்க தெரு ரேட்டைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்க. வாடகை இரண்டு மடங்கு ஆகுது. ஒயரிங் அதே பழைய ஒயரிங், பாத்ரூம் அதே ஒண்ணு, வெளியே போக வழியும் அதே ஒரு கதவு.

காமராசர் பல்கலைக்கழகம், வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி, அப்புறம் நம்மள மாதிரி இன்ஜினியரிங் கூட்டம்னு தேனி ரோட்டை ஒட்டி இத்தனை மாணவர்கள் இருக்கும்போது இப்படி வீடுகள் முளைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கல்லூரி ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு இந்த வீடுகள்தான் கதி. அதனால் இவற்றை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. இவற்றுக்கு ஒரு லைசென்ஸ் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். உடனே "ஐயோ, வாடகை ஏறிடும்"னு நினைக்கிறீங்க இல்லையா? அதுக்கும் வர்றேன்.

முதலில் இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. தமிழ்நாட்டில் 2014-ல் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பெண்களோ 18 வயது ஆகாதவர்களோ தங்கும் விடுதியை நடத்த கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் இணைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். காகிதத்தில் நல்ல சட்டம்தான்.

இப்போ ஓட்டையைப் பாருங்க. பதினேழு வயசுல முதலாண்டு சேர்ற பையன் இந்தச் சட்டப்படி குழந்தை. பிறந்தநாள் கேக் வெட்டின மறுநாள் அவன் யாருமில்லை. பதினெட்டு தாண்டிய பசங்க தங்கும் இடத்துக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பொண்ணுங்க தங்குற இடத்திலும் தப்பிக்க ஒரு குறுக்குவழி இருக்கு. போர்டு வைக்காமல், சமையல் போடாமல், "இது ஹாஸ்டல் இல்லைங்க, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கேன்"னு சொல்லிட்டா போதும். யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க.

எட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம தூரமா எங்கேயும் போக வேண்டாம். 2024 செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்ராபாளையம் தெருவில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. தூக்கத்தில் இருந்தவர்களைப் புகை சூழ்ந்தது. அன்று இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அந்தக் கட்டடம் பழுதடைந்தது என்று மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்ததாக அப்போது செய்திகளில் வந்தது. அதற்குப் பிறகுதான் மதுரை முழுக்க விடுதிகளில் ஆய்வு, ஆய்வு என்று ஓடினார்கள். சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அதுவும் அது ஊர் நடுவில், போர்டு வைத்து நடந்த விடுதி. நம்ம தெருவில் போர்டே இல்லாத வீட்டை யார் ஆய்வு செய்வார்?

"வாடகைச் சட்டம் இருக்கே"ன்னு சிலர் கேட்பாங்க. இருக்கு. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஓனர் நினைச்ச நேரத்துக்கு உள்ளே வர முடியாது, 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும். சண்டை போட்டுக்கொண்டு தண்ணியையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது. இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, உதவும். ஆனால் இது ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவிலுள்ள கொடுக்கல் வாங்கல் பற்றிய சட்டம். அந்த வீடு எட்டுப் பேர் தூங்கத் தகுதியானதா என்று அது கேட்பதில்லை. நம்ம வீடுகளில் ஒப்பந்தம் போட்டாலும் ஒருத்தன்தான் கையெழுத்துப் போடுவான். மீதி ஏழு பேர் காகிதத்தில் இல்லவே இல்லை.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், அதனால் ஒரு கணக்கு. சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்ப். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் 1500 வாட் கெட்டில், 2000 வாட் இண்டக்‌ஷன் ஸ்டவ், 1000 வாட் அயர்ன் பாக்ஸ். காலையில் ஏழரை மணிக்கு மூணும் ஓடினால் 4500 வாட், கிட்டத்தட்ட 20 ஆம்ப். கரண்ட் மூன்று மடங்குக்கு மேல். ஒயரில் வரும் சூடு ஐ ஸ்கொயர் ஆர் இல்லையா, அப்போ பத்து மடங்கு. எம்சிபி ட்ரிப் ஆகும். ஆகணும், அதுதான் அதன் வேலை. "அடிக்கடி ட்ரிப் ஆகுது அண்ணே"ன்னு சொன்னால் ஓனர் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து என்ன செய்வார்? ஒயரை மாற்றினால் செலவு. பெரிய எம்சிபி போட்டால் சில நூறு ரூபாயில் முடிந்தது. அன்றையிலிருந்து ட்ரிப் ஆகாது, சுவருக்குள்ளே ஒயர்தான் சூடாகும். கசிவு மின்சாரத்துக்கு ட்ரிப் ஆகிற ஆர்சிசிபி உங்க வீட்டு மெயின் போர்டில் இருக்கான்னு இன்னைக்குப் போய்ப் பாருங்க. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்ச் சாமான். ஒரு பையனின் ஒன்றரை மாச வாடகை.

இங்கிலாந்தில் இந்த மாதிரி வீடுகளுக்கென்றே ஒரு சட்டப் பெயர் இருக்கிறது, பல குடித்தனம் உள்ள வீடு என்ற பொருளில். ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இருந்து, சமையலறையோ கழிப்பறையோ பொதுவாக இருந்தால், ஓனர் உள்ளாட்சியிடம் லைசென்ஸ் வாங்கியே ஆகணும். 2006-ல் மூன்று மாடி வீடுகளுக்கு ஆரம்பித்தார்கள், 2018-ல் மாடிக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். ஒருத்தர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு பேருக்கு 10.22. நம்ம கணக்கில் 70 சதுர அடி, 110 சதுர அடி. பத்துக்குப் பத்து ரூமில் அங்கே இரண்டு பேரைப் படுக்க வைக்கவே முடியாது. இங்கே நாலு பேர், கூட ஒரு பைக் ஹெல்மெட் அடுக்கு. அந்த அளவை அப்படியே இங்கே கொண்டு வந்தால் பாதிப் பேர் நடுத்தெருவில் நிற்போம், அது எனக்கும் தெரியும். நான் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறு ஒன்றை. அங்கே லைசென்ஸ் இல்லாத வீட்டில் இருந்தவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போய், கொடுத்த வாடகையை மாதக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஓனர் பயப்படுவது அதிகாரிக்கு இல்லை, குடியிருக்கிற பையனுக்கு.

நம்ம ஊரில் நேர் எதிர். ஆய்வு வந்தால் "உடனே காலி பண்ணுங்க" என்று பையைத் தூக்குவது நாமதான். செமஸ்டர் நேரத்தில் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் யார் ஆபீசருக்கு போன் போடுவா? புகார் கொடுத்தவனே முதலில் தெருவுக்கு வருவான்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான். ஆகவே எந்த விதி வந்தாலும் அதில் இது இருந்தாகணும்: குறை ஓனருடையது என்றால், சரி செய்து முடிக்கும்வரை வாடகை நிற்கணும், குடியிருப்பவர் வெளியேறக் கூடாது. கட்டடமே ஆபத்து என்றால் அட்வான்ஸ் அன்றே கைக்கு வரணும்.

வாடகை ஏறுமா? ஏறும், பொய் சொல்ல மாட்டேன். ஒயரிங் மாற்ற முப்பதாயிரம் ஆகும்னு வச்சுக்குவோம், எட்டுப் பேர், மூன்று வருஷம், தலைக்கு மாசம் நூறு ரூபாய் சொச்சம். இரண்டு டீயும் வடையும் நாலு நாள் குறைச்சால் சரியாப்போகும். இதைவிட எனக்குக் கவலை லஞ்சம். ஐந்து ஆபீஸ், ஐந்து சான்று என்றால் ஐந்து கவர். அதனால்தான் 2014 சட்டத்தை அப்படியே பசங்களுக்கும் நீட்டச் சொல்லவில்லை. ஐந்து பேருக்கு மேல் தங்கும் எந்த வீடும், ஆணோ பெண்ணோ, ஒரே இடத்தில் பதிவு. பார்க்க வேண்டியது ஒயரிங், வெளியேறும் வழி, கழிப்பறை, தண்ணீர், ஆள் எண்ணிக்கை. ஒரு பக்க ஃபாரம். பட்டியல் ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டப்படணும், யார் வேணாலும் படிக்கலாம்.

ஒழுக்க விதி மட்டும் உள்ளே வரவே கூடாது. எட்டு மணிக்கு கேட் பூட்டு, யார் வந்தா போனா என்கிற நோட்டு, இதெல்லாம் "பாதுகாப்பு" என்ற பெயரில் நுழைந்துவிடும், முக்கியமாகப் பொண்ணுங்க வீட்டில். பூட்டிய கேட் தீ விபத்தில் என்ன செய்யும்னு சொல்லித்தான் தெரியணுமா? 2024 மார்ச்சில் விடுதிகளுக்கான ஜிஎஸ்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், விடுதியை நடத்துபவர் பக்கமிருந்து பார்க்காமல் அங்கே தங்குபவர் பக்கமிருந்து பார்க்கணும், அவருக்கு அது குடியிருப்புதான் என்று வரிவிலக்கு கொடுத்தது. வரி விஷயத்தில் கிடைத்த அந்தப் பார்வை இங்கேயும் வேணும். அது நம்ம வீடு. ஜெயில் இல்லை.

இதில் ஒரு சிக்கல். கிராம சபையில் தீர்மானம் போட வைக்கலாம்னு சிலர் சொன்னாங்க, நல்ல யோசனைதான், வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. ஆனால் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். நம்ம ஓட்டு உசிலம்பட்டியிலும் பரமக்குடியிலும் கிடக்கு, ஓனருக்கு ஓட்டு இங்கே. அதனால் வெறும் கையோடு போய் நின்றால் கைதட்டிக்கூட அனுப்ப மாட்டாங்க. இஇஇ டிபார்ட்மென்ட் பசங்க டாங் டெஸ்டரும் நோட்டும் எடுத்துக்கிட்டு, சம்மதிக்கிற வீடுகளில் மட்டும், பேர் போடாமல், எத்தனை பேர், எத்தனை சாக்கெட், எர்த் இருக்கா, ஆர்சிசிபி இருக்கான்னு குறிச்சுத் தரலாம். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு முன்னாடி முப்பது வீடு முடிஞ்சாலே போதும். வர்றவங்க இதழ்க் குழுவில் பேர் கொடுங்க.