வண்ணப் படமும் மட்டக் கோலும்

கடலோர மக்களின் தலையெழுத்தை இன்று நிறங்கள் எழுதத் தொடங்கிவிட்டன. வெள்ள அபாயப் படம் ஒன்று வெளியாகிறது. கரையோரமெங்கும் நீலம்; அடியில் 2050 என்னும் ஆண்டு. தன் வீடு நீலத்திற்குள் கிடப்பதைக் கண்டவர் மனை விலை வீழ்ந்ததென்று பதறுகின்றார். நீலம் தம் தெருவுக்கு அப்பால் நின்றுவிடக் கண்டவரோ, கடலே தமக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தந்துவிட்டதாக எண்ணி அமைதியாக உறங்குகின்றார். தரை எவ்வளவு உயரத்தில் கிடக்கிறது, அதனை அளந்தவர் யார், எங்கிருந்து அளந்தார் என்னும் கேள்விகளை இருவருமே கேட்கவில்லை.

வெள்ளப் படம் என்பது ஒரு கழித்தல் கணக்கே அன்றி வேறில்லை. நீர் ஏறும் உயரம் ஒன்று. நிலத்தின் உயரம் மற்றொன்று. பின்னது முன்னதைவிடக் குறைந்தால் நீலம். நீரின் உயரத்தைக் கணிக்க அறிஞர்கள் எவ்வளவோ உழைக்கின்றனர். நிலத்தின் உயரமோ பல வேளைகளில் வானிலிருந்து கடன் வாங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்டவர் விண்கலம் 11 நாள் பறந்து ராடார் கொண்டு எடுத்த அளவுகளே நெடுங்காலம் உலகப் படங்கள் பலவற்றிற்கு அடிப்படையாக இருந்தன. அந்த ராடார் மரத்தை ஊடுருவி மண்ணை முழுமையாகக் காண வல்லதன்று. செம்பனையின் தலை தரையாகிவிடுகிறது, கண்டற்காடு மேடாகிவிடுகிறது, கூரையும் நிலக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, உயரங்கள் முழு மீட்டரில் பதியப்பட்டன. அரை மீட்டரில் வாழ்வும் தாழ்வும் அடங்கிய கடற்கரைச் சமவெளிக்கு இது எத்தகைய அளவுகோல்?

விளைவை மீக்கோங் கழிமுகத்தில் காணலாம். அக்கழிமுகம் சராசரியாக 2.6 மீட்டர் உயரத்தில் கிடப்பதாகவே வானளவுகளை நம்பியோர் கணக்கிட்டு வந்தனர். வியட்நாமிலேயே தரையில் எடுக்கப்பட்ட உயரப் புள்ளிகளைத் திரட்டி, உள்நாட்டுக் கடல்மட்டத்தோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. உண்மை உயரம் ஏறத்தாழ 0.8 மீட்டரே! கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலம் தாள்மீது ஏறத்தாழ ஆளுயர அளவுக்கு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

அதே ஆண்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. அமெரிக்க ஆய்வாளர் சிலர் விண்கல அளவுகளைத் திருத்தி ஒரு கணக்கை வெளியிட்டனர். நல்ல பணியே. ஆனால், தென் வியட்நாம் ஏறத்தாழ முழுவதும் 2050க்குள் மறைந்துவிடும் என்று செய்தித்தாள்கள் முழங்கின. அப்படம் காட்டியது அதுவன்று. எதிர்கால உயர் ஓதத்திற்குத் தாழ்ந்த நிலம் எது என்பதையே அது காட்டியது; கரைகளையும் மதகுகளையும் அது கணக்கில் கொள்ளவில்லை. அந்த ஆய்வின்படியே, உலகில் ஏறத்தாழ 11 கோடி மக்கள் இப்பொழுதே உயர் ஓத மட்டத்திற்குக் கீழே வாழ்கின்றனர். நீலமெல்லாம் அழிவென்றால் இவர்கள் எங்ஙனம் வாழ்கின்றனர்? கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களைக் கேட்டால் விடை கிடைக்கும். அங்கே மண்கரைதான் கடலைத் தடுத்து நிற்கிறது. ஓதம் ஏறும்போது மதகு மூடுகிறது, வற்றும்போது திறக்கிறது. கடலோரத் தோட்டங்களில் கானும் கரையும் வெட்டிய தமிழ்த் தொழிலாளியின் மண்வெட்டி வேலை எந்த விண்கலப் படத்திலும் நிறமாகத் தெரிவதில்லை.

அப்படியாயின் அளவையாளர் தரும் எண்ணே முடிந்த முடிபு என்று வாதிடுவோர் உளர். மனை விற்போர்க்கு இவ்வாதம் மிக இனிக்கும். "இம்மனை கடல்மட்டத்திற்கு 2 மீட்டர் மேலே உள்ளது" என்று சொன்னால் வாங்குபவர் மகிழ்ந்துவிடுகின்றார். எந்தக் கடல்மட்டம்? தீபகற்ப மலேசியாவின் உயரங்களுக்கு அடிப்படையான சுழியம், போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை ஓதத்தைக் கவனித்துப் பெற்ற சராசரிக் கடல்மட்டமாகும். அதற்கு முன்னர் 1912ஆம் ஆண்டின் சுழியம் வழங்கியது. பழைய வரைபடங்களில் அது இன்னும் உறங்குகிறது. சராசரி என்பது ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் நடுவிலுள்ளது. போர்ட் கிள்ளானில் உவா நாள்களின் ஓதம் அந்தச் சராசரிக்கு மேல் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறும். ஆகவே "2 மீட்டர் மேலே" என்று விற்கப்பட்ட மனை, கரை இல்லையேல், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடலின் வாயருகே நிற்கும் மனையாகும். கீழைக் கரையில் ஓதம் அவ்வளவு ஏறுவதில்லை. அங்கே அதே 2 மீட்டருக்குப் பொருள் வேறு. எண் ஒன்று, ஆபத்து இரண்டு. சராசரி மட்டத்திற்கு மேல் 3 மீட்டர் என்றிருந்த கடல்தூர்த்த நிலத்தின் குறைந்த அளவைச் சிங்கப்பூர் 2011இல் 4 மீட்டராக உயர்த்தியது விளையாட்டுக்கன்று.

அளந்த எண்ணும் முதுமை அடைகிறது. மேற்கு ஜோகூரில் வடிகால் வெட்டப்பட்ட கரிச்சதுப்பு நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அமிழ்வதை 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. உலகக் கடல் ஏறுவதோ ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவில். கடல் ஏறுவதைப் பற்றி மேடைதோறும் முழங்குவோர், அதனினும் விரைவாக நிலம் இறங்குவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அத்தகைய மண்ணில் முப்பதாண்டுக்கு முந்தைய உயரக் குறிப்பு அரை மீட்டருக்கு மேல் பொய் சொல்லக்கூடும்.

அமெரிக்க வெள்ளக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. படம் வீட்டை அபாயக் கோட்டுக்குள் வைத்திருப்பினும், வீட்டைத் தொட்டுள்ள மிகத் தாழ்ந்த இயற்கைத் தரை வெள்ள மட்டத்திற்குக் குறையாதென உரிமம் பெற்ற அளவையாளர் சான்றளித்தால், படத்தைத் திருத்தக் கோரலாம். படத்தைவிட மட்டக் கோலுக்கு மதிப்பு மிகுதி என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஆயினும் அங்கும் 1929, 1988 என இரு சுழியங்கள் உள்ளன. தென் புளோரிடாவில் அவற்றிடையே ஏறத்தாழ 1.5 அடி வேறுபாடு. ஒன்றில் அளந்து மற்றொன்றோடு ஒப்பிட்டவர் ஒன்றரை அடி உயரத்தைக் காற்றிலிருந்து பெற்றுவிடுவார். மேலும், கோட்டுக்குள் இருப்பவரே அளவையாளரைத் தேடி ஓடுகின்றார். கோட்டுக்கு வெளியே பள்ளத்தில் இருப்பவரை அளக்கச் சொல்பவர் எவருமில்லை.

மலேசியக் கடற்கரையில் வீடமைப்புத் திட்டங்களின் விளம்பரத் தாள்களில் நீச்சல் குளத்திற்கும் நடைபாதைக்கும் வண்ணப் படம் இருக்கிறது. தரைமட்டம் எவ்வளவு, எந்தச் சுழியத்திலிருந்து, எந்த ஆண்டில் அளந்தது, அவ்விடத்து உவா ஓதம் எவ்வளவு, காக்கும் கரையின் முடி எவ்வளவு என்னும் ஐந்து குறிப்புகளை அச்சிட ஒரு விரற்கடை இடம் போதும். தோட்ட லயத்தை விட்டு வெளியேறி, ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு கரையோரத் தாழ்நிலத்தில் வீடு வாங்கும் தொழிலாளிக்கு அந்த ஒரு விரற்கடையைத் தர மறுக்கும் வழக்கத்தைச் சட்டம் இன்னும் எதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்?